மக்களைக் காத்த கோட்டையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள போடியம் கோட்டையின் படத்துக்குக் கீழே ‘பிரெஞ்சுப் படையிடமிருந்து எளிய மக்களைக் காத்த அரண்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டிப் படிக்கிறவள் நான். அந்த வரிக்கு மேல் கட்டுரையைப் படிக்க மனம் ஒப்பவில்லை.

1385-இல், இந்தக் கோட்டையைக் கட்டிய எட்வர்ட் டாலிங்ரிக் என்ற பிரபு மன்னரிடம் பெற்ற அனுமதியில் நாட்டின் பாதுகாப்பு, எதிரி என்றெல்லாம் எழுதியிருப்பது தாங்கள் அறிந்ததே. 1377-இல் பிரெஞ்சுக்காரர் அருகிலுள்ள ரை நகரை எரித்ததும் உண்மைதான். ஆனால் அனுமதி கிடைத்தது, ஏற்கெனவே இருந்த மாளிகைக்கு மதில் எழுப்ப. அவரோ அதை விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாக ஒரு கோட்டையையே கட்டிக்கொண்டார். மனைவி வழியில் வந்த நிலம் அது. அனுமதி பெற்றதற்கு முந்தைய ஆண்டுதான், மன்னரின் சிற்றப்பா ஜான் ஆஃப் கான்ட்டின் ஆட்களோடு மோதிய வழக்கில் சிறைக்குப் போயிருந்தார். அப்படிப்பட்டவர் எழுப்பிய மதில் யார் கண்ணில் பட வேண்டும் என்று எழுப்பியது? வாயிலுக்கு மேலே குடும்பச் சின்னங்களைக் கல்லில் செதுக்கி வைத்தது பிரெஞ்சுக்காரர் படித்துவிட்டுத் திரும்பிப் போவதற்காகவா?

அகழியின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர்தான். மண்கரை ஒன்று நீரைத் தாங்கி நிற்கிறது. அதை ஓரிடத்தில் வெட்டினால் தண்ணீர் வடிந்துவிடும். உள்ளேயோ சொகுசு மாளிகைபோல முப்பதுக்கும் மேற்பட்ட கணப்படுப்புகள், இருபத்தெட்டுக் கழிப்பறைகள். போரில் உதவுவதைவிட, கோட்டையை நீரில் மிதப்பதுபோல் காட்டுவதில்தான் அந்த அகழி கெட்டிக்காரத்தனமானது.

பழைய பாதை போன வழியை நான் கரையோரமாக நடந்து பார்த்திருக்கிறேன். இப்போதுள்ள பாலம் நேராகப் போகிறது. அன்றோ மேற்குக் கரையிலிருந்து மரப்பாலம் ஏறி, அகழி நடுவிலுள்ள எண்கோணத் திட்டை அடைந்து, அங்கே திரும்பித்தான் வாயிலுக்குப் போக வேண்டும். வருகிறவர் முழுக் கோட்டையையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்பதே ஏற்பாடு. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய மாளிகையில் சமையலறை வேலை பார்த்தேன். விருந்தினரின் கார் ஏரியைச் சுற்றி, மாளிகையின் முகப்பைக் காட்டிக்கொண்டே வரும். நாங்கள் பின்பக்கம் கரிக்கிடங்கை ஒட்டிய கதவு வழியாகப் போக வேண்டும். ஒருமுறை மழைக்கு ஒதுங்க முன்வாசல் படியில் நின்றதற்காக, ஆறு பேர் முன்னிலையில் கைநீட்டி இறங்கச் சொன்னார்கள். அந்தப் படி எதற்காகக் கட்டப்பட்டது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

‘மக்களைக் காத்த’ என்கிறீர்கள். அனுமதி கிடைப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1381-இல், கென்ட் உழவர்கள் வரிக்கொடுமை தாங்காமல் லண்டன் வரை போனார்கள். கான்ட்டர்பரி பேராயரின் தலையே விழுந்தது. நான்கு பக்கக் கட்டுரையில் அந்த உழவர்களுக்கு ஒரு வரி இல்லை. அகழியை வெட்டிய கைகளைப் பற்றியும் இல்லை.

இது முதல்முறையும் அல்ல. முன்பு லிங்கன்ஷயரிலுள்ள டாட்டர்ஷால் கோட்டைக் கோபுரத்தைத் ‘தகர்க்க முடியாத அரண்’ என்றீர்கள். ரால்ஃப் கிராம்வெல் பிரபு கருவூலத்தின் தலைவராக இருந்தபோது எழுப்பிய செங்கல் கோபுரம் அது. தரைத்தளத்திலேயே அகலமான சன்னல்கள் இருக்கின்றன. அப்போது நான் எழுதிய கடிதம் வெளிவரவும் இல்லை, பதிலும் இல்லை. அந்தக் கோபுரத்தையும் போடியத்தையும் விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, பழஞ்சின்னங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுப்போன கர்சன் பிரபுவைக் ‘கலையன்பர்’ என்று மட்டும் அறிமுகப்படுத்துகிறீர்கள். 1905-இல் வங்கத்தை இரண்டாகப் பிளந்த வைசிராய் அவர்தான் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல இரண்டு சொற்கள் போதாதா?

கட்டுரையாளர் மீது எனக்குத் தனிப்பட்ட கோபமில்லை. படங்கள் அழகாகவே இருந்தன. அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். இடமில்லையென்றால் ‘மக்களைக் காத்த’ என்ற இரண்டு சொற்களை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்,
ஹேஸ்டிங்ஸ்