அன்பு இருந்தும் வரிசை நகரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் விருந்தோம்பல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அனிச்சப் பூவில் தொடங்கி, திண்ணை, வழிப்போக்கர், வாழையிலை என்று அழகாகத்தான் போனது. கடைசிப் பத்தியில் மட்டும், நம் ரத்தத்தில் ஊறிய விஷயத்துக்கு இப்போது பல்கலைக்கழகத்தில் பட்டம் வேறு தருகிறார்களாம் என்று ஒரு கிண்டல். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மொரிஷியஸின் மேற்குக் கரை ஓட்டல்களில் 24 வருடமாக ரிசப்ஷனில் நிற்கிறவள் நான். இப்போது 48 வயதில், சுற்றுலா, விருந்தோம்பல், சேவைச் சந்தைப்படுத்தல் மூன்றும் சேர்ந்த அந்தப் பட்டத்துக்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இரவு ஷிஃப்டை முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வகுப்புக்குப் போகிற நாட்களும் உண்டு. கூடப் படிக்கிற பிள்ளைகள் என்னை 'தாந்தின்' என்கிறார்கள். எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான்.

என் தமிழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல். தமிழ் பள்ளிக்கூடத்தில் கற்றது, அப்புறம் உங்களைப் போன்ற பத்திரிகைகளால் காப்பாற்றிக்கொண்டது. பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

கட்டுரையாளருக்கு என் பதிலாக எங்கள் கோயில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. காவடி இறக்கியதும் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு. கிரியோலில் 'செத் காரி', அதாவது ஏழு கறி, என்றால் தமிழர் அல்லாதவர்களும் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். முந்தின ராத்திரியே காய் நறுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள், ஒருவருக்கும் கூலி கிடையாது. இருந்தும் வருடா வருடம் ஒரே தொல்லை. வெறுங்காலோடு காவடி தூக்கி வந்தவர்கள் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்பார்கள். சோறு பிந்திவிட்டது, பரிமாற ஆள் பற்றவில்லை, பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம்.

இரண்டாம் வருடத்தில் 'சேவை வரைபடம்' ஒன்று போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். வங்கித் துறையில் இருந்த லின் ஷோஸ்டாக் என்ற பெண்மணி 1984இல் எழுதிப் பரப்பிய முறை அது. விருந்தாளி படிப்படியாக என்னென்ன செய்கிறார் என்பதை மேலே எழுத வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரிகிறவர்களின் வேலை அதற்குக் கீழே. அதன் கீழ் ஒரு கோடு, பார்வைக் கோடு என்று பெயர். கோட்டுக்கு அடியில் வருவதெல்லாம் விருந்தாளி பார்க்காத வேலை. மற்றவர்கள் விமான நிலையம், பீட்சா கடை என்று எடுத்தார்கள். நான் காவடிச் சாப்பாட்டை எடுத்தேன். சமையல் கொட்டகைக்கும் பந்திக்கும் நடுவில் கட்டுகிற நீலத் தார்ப்பாய்தான் என் பார்வைக் கோடு.

அண்ணன் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனில் நேரம் குறித்தோம். இலை போட்டதிலிருந்து ஏழு கறியும் விழ 6 நிமிடம். சாப்பிட 20 நிமிடம். சோற்றிலும் தாமதமில்லை, பையன்களிடமும் குற்றமில்லை. கை கழுவும் இடத்தில்தான் வினை. நூறு பேருக்கு மேல் எழுந்து வந்தால் அங்கே இருப்பது ஒரே ஒரு குழாய். கழுவியவர்கள் வெளியே வருவதும் அடுத்த பந்திக்காரர்கள் உள்ளே போவதும் ஒரே வாசல். அடுத்த வருடம் மூன்று குழாய் கூடப் போட்டார்கள், பின்பக்கத்தில் தட்டியைப் பிரித்து ஒரு வழி விட்டார்கள். வரிசை பாதியாகிவிட்டது. அதுவரை அங்கே அன்புக்கு என்ன குறை? அன்பு இருந்தும் வரிசை நகரவில்லையே. பரிமாறுகிற மனசு ரத்தத்தில் ஊறியிருக்கலாம். குழாயுமா ஊறும்?

சேவையைச் சோப்பு விற்பது போல விற்க முடியாது என்பதுதான் இந்தப் படிப்பின் அரிச்சுவடி. எங்கள் தீவுக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்வதென்றால், இன்று வெட்டாத கரும்பை நாளை வெட்டலாம், இன்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. 2020 மார்ச்சில் எல்லையை மூடி, 2021 அக்டோபர் 1இல் முழுதாகத் திறக்கும் வரை இதை நாடே பட்டுத் தெரிந்துகொண்டது. அதற்கு முந்தின 2019இல் இங்கே வந்த பயணிகள் 13 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல், அதாவது எங்கள் மக்கள்தொகையை விட அதிகம். அப்படிப்பட்ட தொழில் ஒரேயடியாக நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில்தான் எனக்கும் படிக்கிற எண்ணம் வந்தது.

வகுப்பில் அடிக்கடி அடிபடுகிற பெயர் பரசுராமன். சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அவரும் ஜைத்தாமல், பெர்ரி என்ற இருவரும் 1985இல், சேவை எங்கெங்கே கெடுகிறது என்று ஐந்து இடைவெளிகளைக் காட்டினார்கள். 1988இல் தரத்தை அளக்க 22 கேள்விகள் கொண்ட அளவுகோலையும் தந்தார்கள். முதல் இடைவெளி, விருந்தாளி எதிர்பார்ப்பதற்கும் நிர்வாகம் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் நடுவில் உள்ளது. கீழே வேலை செய்பவருக்குத் தெரிந்தது மேலே போய்ச் சேராததை அதற்கு ஒரு காரணமாக அவர்களே சொல்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஏனென்றால் நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் இது அப்படியே நடந்தது. இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்கள் கருத்துப் படிவத்தில் குளியலறைக்கு மட்டும் குறைவாக மதிப்பெண் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகம் ஷவரை மாற்றியது, தரை டைல்ஸை மாற்றியது, மதிப்பெண் ஏறவில்லை. ஹவுஸ்கீப்பிங்கில் முப்பது வருடம் போட்ட அக்கா ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "வாளியும் குவளையும் கேட்கிறார்கள், இல்லையென்றால் குப்பைக்கூடையைக் கழுவி அதில் தண்ணீர் பிடிக்கிறார்கள்" என்றார். "மேலே சொன்னீர்களா?" என்றேன். "யார் கேட்டார்கள்?" என்றார்.

இன்னோர் இடைவெளி விளம்பரம் தருகிற வாக்குக்கும் நேரில் கிடைப்பதற்கும் உள்ளது. எங்கள் நாட்டில் கடற்கரை, அலை ஏறித் தொடும் எல்லை வரை, எல்லாருக்கும் பொது. ஓட்டல் படத்தில் இருப்பதோ ஆளில்லாத வெண்மணலும் ஒரே ஒரு நாற்காலியும். ஞாயிற்றுக்கிழமை அந்த மணலில் பிரியாணிச் சட்டியோடும் ரவான் மேளத்தோடும் ஊர்க்குடும்பங்கள் வந்து இறங்கும். "தனிக் கடற்கரை என்றுதானே சொன்னீர்கள்" என்று விருந்தாளி ரிசப்ஷனுக்கு வந்து நிற்பார். அந்த ரவான் மேளத்துக்கு ஆடுவது எங்கள் தீவின் சேகா ஆட்டம். அவர் புகார் செய்கிற அதே ஆட்டம் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சாயங்காலம் நாங்களே ஆள் வைத்து மேடை போட்டு அதை ஆடிக்காட்டுவோம், அதற்கு அவரும் கைதட்டுவார்!

அனிச்சப் பூவுக்கு வருகிறேன். வீட்டுக்காரர் முகம் சற்று மாறினால் விருந்தாளி வாடிவிடுவார், சரி. வீட்டுக்காரரின் மனசைப் பற்றி யார் பேசுவது? 2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்று நான் டியூட்டியில் இருந்தேன். தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம், கார்கள் மிதந்து போகின்றன. என் மகன் அங்கேதான் வேலை செய்கிறான், போன் எடுக்கவில்லை. விமான நிலையமும் மூடிவிட்டது. முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் தங்கள் விமானம் எப்போது என்று தெரிந்தாக வேண்டும். நாலு மணி நேரம் சிரித்த முகமாகப் பதில் சொன்னேன். அவன் பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்ததும் சாமான் அறைக்குள் போய் அழுதேன். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இலேயே இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறார். அதைப் படித்ததால் களைப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் இதுவும் வேலைதான், என் குணக்கோளாறு இல்லை என்று தெரிந்தது. இளம் பிள்ளைகள் இதை வேலைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்வது நல்லதில்லையா?

படிப்பில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. உதாரணங்கள் பாதிக்கு மேல் அமெரிக்க விமானமும் பர்கர் கடையும்தான். ஸ்தாஜ் என்று நாங்கள் சொல்லும் பயிற்சிக் காலத்தில் பிள்ளைகளை நாப்கின் மடிக்க விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து வந்து, என்ன கற்றாய் என்றால் நாப்கினில் அன்னம் செய்து காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது வேறு. கீழே இருப்பவர் சொல் மேலே போகவில்லை என்று பாடம் நடத்துகிற வகுப்புக்கு, கீழே இருக்கிற ஒருவரை ஒரு நாள்கூட யாரும் கூப்பிட்டதில்லை. மேலாளர்கள் வருகிறார்கள், படம் போட்டுப் பேசுகிறார்கள், போகிறார்கள்.

அடுத்த பருவத்தில் அந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "வருகிறேன், ஆனால் சனிக்கிழமை போட்டுவிடாதே, அன்றைக்குத்தான் செக்-அவுட் அதிகம்" என்றார்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
காத்ர் போர்ன், மொரிஷியஸ்.