ஏறி மிதித்து இறுக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், தனுஷ்கோடிக்குக் காரில் போகிறவர்களுக்காக ஒரு பக்கம் முழுக்க யோசனைகள் போட்டிருந்தீர்கள். அரிச்சல்முனையில் நிற்கும் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரின் படம் அழகாகவே இருந்தது. அதற்குக் கீழே கட்டம் கட்டிய பகுதியில் ஒரு வரி: "வழியில் சக்கரத்தைக் கழற்றி மாட்ட நேர்ந்தால் ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து இறுக்கச் சொல்லுங்கள், எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பத்திரம்." அடுத்த வரியே, "சாலையோரப் பஞ்சர் கடைக்காரர்களிடம் எச்சரிக்கை."

உச்சிப்புளியில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருப்பவன் நான். நீங்கள் எச்சரிக்கச் சொன்னது என்னைப் போன்றவர்களைத்தான். அந்த வாரமே ஒரு தம்பி விலை உயர்ந்த காரில் வந்து இறங்கினார். டயரில் ஆணி. வேலை முடிந்து நட்டைப் பூட்டும்போது, போனில் உங்கள் பக்கத்தைக் காட்டி, ஏறி மிதிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்கான், உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் உங்களை நம்பினார், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றரை அடி ஸ்பேனரின் முனையில் 75 கிலோ ஆள் ஏறி நின்றால், நட்டில் விழும் முறுக்குவிசை, அதாவது நட்டைத் திருகும் விசை, 330 நியூட்டன் மீட்டரைத் தொடும். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களுக்குத் தேவைப்படுவது 100ஐ ஒட்டித்தான். பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காருக்கு 130, பிறகு வந்தவற்றுக்கு 160. ஃபோர்டு மஸ்டாங்குக்கு 200க்குச் சற்று மேல். ஆக, மிதித்தால் பல வண்டிகளில் இரண்டு பங்கு, மூன்று பங்கு ஏறிவிடுகிறது. அதே போர்ஷேயில் ஜிடி3 மாதிரிச் சில வண்டிகளுக்குச் சக்கரத்தின் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் இருக்கும். அதற்கு 600 வேண்டும். 600க்கு இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, மறுபடி 600க்கு இறுக்க வேண்டும். அந்த வண்டியில் உங்கள் யோசனைப்படி ஏறி மிதித்தால் பாதி இறுக்கத்தோடு சக்கரம் கிளம்பிப் போகும். ஒரே மிதி ஒரு வண்டியின் போல்ட்டைக் கெடுக்கிறது, இன்னொரு வண்டியில் சக்கரத்தை லூசாக விடுகிறது. இதை எழுதியவர் ஒரு மெக்கானிக்கிடமாவது கேட்டாரா?

சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைப்பது, வண்டியில் சக்கரம் வந்து உட்காரும் ஹப்பும் வீலும் முகத்தோடு முகம் அழுந்தி நிற்கும் அந்தப் பிடிப்பு. இறுக்கும்போது போல்ட் மயிரிழை நீண்டு, ஸ்பிரிங் மாதிரி வீலை இழுத்துப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் இழுத்தால் அதன் உயிர் போய்விடும். பார்வைக்கு நன்றாக இருக்கும், பிடி இருக்காது. மரையில் ஆயில் தடவுவதும் அதே கெடுதல்தான். வழுக்கிக்கொண்டு கூடுதலாக ஏறிவிடும். கம்பெனி தடவச் சொல்லாத வண்டியில் தடவக் கூடாது.

அப்புறம், நம் கடற்கரைக்கென்று ஒரு தொல்லை உண்டு. பாம்பன் பழைய ரயில் பாலத்தை உப்புக்காற்று அரித்ததைப் பற்றி நீங்கள் எழுதாததா? 1914இல் திறந்த பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தபோது பக்கம் பக்கமாகப் போட்டீர்கள், நானும் விடாமல் படித்தேன். அதே காற்றுதான் காரின் ஹப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. இரும்பு ஹப்பில் துரு செதில் செதிலாக நிற்கும். அலாய் வீலின் பின்முகத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல் மாட்டினால், நட்டு இறுகினாற்போலத்தான் தெரியும். வண்டி ஓட ஓடத் துரு நொறுங்கி இடைவெளி விழும், நட்டு தளரும். அதனால்தான் 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்கச் சொல்கிறோம். ராமநாதபுரத்தில் மாட்டிய சக்கரத்தை ராமேஸ்வரத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்படிக் கேட்டறியாமல் நீங்கள் எழுதுவது இது முதல் முறை அல்ல. சில வருடங்களுக்கு முன் மண்டபம் பக்கம் ஒரு கார் பள்ளத்தில் இறங்கியது. "டயர் வெடித்து விபத்து" என்று போட்டீர்கள். அந்தக் காரை இழுத்து வந்து நிறுத்தியது என் கடை வாசலில். கழன்று ஓடிய சக்கரத்தின் டயரில் காற்று அப்படியே இருந்தது. ஒடிந்த போல்ட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒடிந்த முகத்தில் பாதி துரு ஏறிப் பழுப்பாக, மீதி பளபளவென்று. பழுப்பான பாதி பல நாளாக விரிசல் விட்டது, பளபளப்பது அன்றைக்கு ஒடிந்தது. லூசான நட்டோடு ஓடி ஓடி வந்த வினை. அதை விளக்கிப் பதிவுத் தபாலில் எழுதினேன். ஒப்புகை அட்டை வந்தது, கடிதம் வெளியாகவில்லை. ஆழமில்லாத இடம் என்று கடல் தண்ணீருக்குள் காரை இறக்கிப் படம் எடுக்கிறவர்களைப் பற்றியும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. ஆனால் அப்படி எடுத்த படம் ஒன்று உங்கள் வண்ணப் பக்கத்தில் வந்தது.

காரின் விலை என்ன, எத்தனை குதிரைத்திறன், எந்த நடிகர் வாங்கினார் என்பதெல்லாம் வாராவாரம் வருகிறது. அதன் சக்கரத்தை எப்படி மாட்டுவது என்பதற்கு இரண்டு வரி ஒதுக்கினீர்கள், இரண்டும் தவறு.

சரியான முறை பெரிய வித்தையல்ல. ஸ்போர்ட்ஸ் கார்கள் தாழ்வானவை. கம்பெனி குறித்துக் கொடுத்த இடத்தில்தான் ஜாக்கி வைக்க வேண்டும், மணலில் வைக்கவே கூடாது. நட்டின் உட்காரும் முகம் வீலோடு பொருந்த வேண்டும். போர்ஷேக்கு உருண்டை முகம், வெளியில் வாங்கி மாட்டும் பல அலாய்களுக்குக் கூம்பு முகம். முதல் சில சுற்று கையால்தான் ஏற்ற வேண்டும், ஏர் கன்னால் அல்ல. ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் போடுவதுபோல ஒன்று விட்டு ஒன்று. டயர் தரையைத் தொட்டபின், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சில் அளவு வைத்து, 'டிக்' என்றதும் நிறுத்த வேண்டும். இதைச் செய்கிற கடைகள் இந்தச் சாலையில் இருக்கின்றன. சொந்தக் காசில் டார்க் ரென்ச் வாங்கி வைத்திருக்கிறோம். எச்சரிக்கை என்று எழுதுமுன் வந்து பார்த்திருக்கலாம்.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில்: ஏறி மிதிக்க வேண்டாம், வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள், டார்க் ரென்ச் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், 50 கிலோமீட்டரில் மறுபடி சரிபாருங்கள். விடுமுறைக் கூட்டம் தொடங்குமுன் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
உச்சிப்புளி,
ராமநாதபுரம் மாவட்டம்