ஒரு மணி நேரத்தில் வரும் விடை

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? உங்கள் ஆய்வகத்துக்கு மூளைக்காய்ச்சல் கிருமிகளை மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கும் பிசிஆர் கருவி வரப்போகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உனக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

நாம் பயிற்சி மருத்துவர்களாக இருந்தபோது தண்டுவட நீரை அனுப்பிவிட்டு, கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்காக இரண்டு மூன்று நாள் காத்துக்கிடப்போம். பல நேரம் 'வளர்ச்சி இல்லை' என்றே வரும். நோயாளிக்கு அதற்குள் யாராவது ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருப்பார்கள். செத்த கிருமி தட்டில் எப்படி வளரும்? பிசிஆருக்குக் கிருமி உயிரோடு இருக்கவேண்டியதில்லை, அதன் மரபணு மிஞ்சியிருந்தால் போதும். பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் எங்கள் பிசிஆர் பேனலுக்கு 200 மைக்ரோலிட்டர், அதாவது நாலைந்து சொட்டு போதும். ஒரு மணி நேரத்தில் ஆறு பாக்டீரியா, ஏழு வைரஸ், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை என 14-ஐத் தேடி முடித்துவிடும். குழந்தைக்கு வந்தது ஆன்டிபயாடிக் தேவைப்படாத என்டெரோவைரஸ் என்று தெரிந்த அன்றே ஆன்டிபயாடிக்கை நிறுத்தி, பயந்துபோயிருந்த தாயிடம் நல்ல சேதி சொல்ல முடிகிறது. அந்த முகத்தைப் பார்க்கவே இந்த வேலையில் இருக்கலாம்.

ஆனால் 'இல்லை' என்று வரும் தாள் என்னை ஒருமுறை ஏமாற்றியது. காய்ச்சல் வந்த மறுநாளே ஒரு பெண்ணை அழைத்துவந்தார்கள். பேச்சு குழறியது, வீட்டாரையே அடையாளம் தெரியவில்லை. பேனலில் எதுவும் இல்லை. அந்த முடிவை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் அனுப்பிவைத்தேன். வார்டில் ஹெர்பிஸ் வைரஸுக்கான மருந்தான ஏசைக்ளோவிரை நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் வலிப்பு வந்தது. மறுபடி எடுத்த நீரில் ஹெர்பிஸ். தொடக்க நாட்களில் அந்த வைரஸ் நீரில் மிகக் குறைவாக இருக்கலாம், சந்தேகம் விலகாவிட்டால் மூன்று முதல் ஏழு நாளுக்குள் திரும்பப் பார்க்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மருந்தில்லாமல் விட்டால் பத்தில் ஏழு பேரைக் கொண்டுபோகும் நோய். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் புது விஷயங்கள் நினைவில் நிற்பதில்லை. அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து.

பட்டியலில் இல்லாத கிருமியைக் கருவி தேடவே தேடாது என்பதையும் வார்டுக்குச் சொல்லிவை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ஐஜிஎம் என்ற எதிர்ப்புப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். காசநோய்க்குத் தனிப் பரிசோதனை. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் எக்ஸ்பெர்ட் அல்ட்ராவை முதல் பரிசோதனையாகச் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சொன்னது. அதிலும் 'இல்லை' என்றால் காசநோயே இல்லை என்று ஆகாது. நீர் தாராளமாக வேண்டும், நாலு சொட்டில் அது நடக்காது. கிரிப்டோகாக்கஸ் சந்தேகம் வந்தால் அந்தப் பூஞ்சையின் உறைப்பொருளைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையை விட்டுவிடாதே, பேனல் அதைத் தவறவிடுவதுண்டு. எந்த மருந்துக்குக் கிருமி கேட்கும் என்பதைப் பேனல் சொல்லாது, ஆகவே கல்ச்சரையும் கைவிடவேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய். மாதிரியோடு வரும் படிவத்தில் 'காய்ச்சல் தொடங்கிய நாள்' என்று ஒரு கட்டம் போட்டுவை. எங்கள் படிவத்தில் அப்போது அது இல்லை. இப்போது அதை நிரப்பாமல் வந்தால் நானே வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

கருவி வந்ததும் எழுது.

உன் பழைய அறைத்தோழன்