பனி ஊரில் வீடு பிடிக்க வாடகைக் கணக்கு மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பனி கொட்டும் பல்கலைக்கழக ஊர்களுக்கு முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும் கிளம்புகிறவர்கள், விசாவுக்கும் கல்விக்கடனுக்கும் படும் பாட்டில் கால்வாசிகூட வீடு தேடுவதில் படுவதில்லை. சீனியர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியலில் எது மலிவோ அதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் இதாகா, விஸ்கான்சினின் மேடிசன், மிச்சிகனின் ஆன் ஆர்பர் போன்ற ஊர்களில் வாடகை பாதிக் கணக்குதான். மீதிப் பாதி நவம்பரில்தான் தெரியவரும். பெற்றோரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, ஹீட்டிங், அதாவது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு யாருடையது என்பது. வாடகையில் சேர்த்தி என்றால் நிம்மதி. இல்லையென்றால் அது எதில் ஓடுகிறது என்று கேளுங்கள். எரிவாயு என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். சுவரின் அடியில் நீளமாகப் பொருத்திய மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் என்றால் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். அது அடிக்குச் சுமார் 250 வாட் இழுக்கும். ஆறடி ஹீட்டர் என்றால் 1,500 வாட். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 450 யூனிட். யூனிட் 15 சென்ட் என்று வைத்தால் ஒரு ஹீட்டருக்கே 67 டாலருக்கு மேல். இரண்டு ஹீட்டர் ஐந்து மாதம் ஓடினால் 675 டாலர். மாதம் 50 டாலர் வாடகை குறைவு என்று அந்த வீட்டை எடுத்தவருக்கு வருடத்தில் மிச்சம் 600 டாலர்தான். அது இதிலேயே போய்விடும். சுடுநீர் ஓடும் பேஸ்போர்டும் பார்க்க இதே போலத்தான் இருக்கும். மேல்மூடியைத் திறந்தால் தகடுகள் கோத்த செம்புக் குழாய் தெரிந்து, அது சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ போனால் சுடுநீர். அறைக்கு அறை தனித் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருந்து குழாய் எதுவும் போகவில்லை என்றால் அநேகமாக மின்சாரம்.

நியூயார்க் மாநிலத்தில் ஹீட்டிங் கட்டணம் குடியிருப்பவர் தலையில் என்றால், லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போடும் முன்பே கடந்த இரண்டு வருட பில்களையோ அவற்றின் சுருக்கத்தையோ எழுத்தில் கேட்டு இலவசமாக வாங்கும் உரிமை சட்டப்படி உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு. மற்ற இடங்களில் ஜனவரி, பிப்ரவரி பில்லை இப்போது குடியிருப்பவரிடமே கேளுங்கள். ஹீட்டிங் வீட்டுக்காரர் பொறுப்பு என்றால் எத்தனை டிகிரி கிடைக்கும் என்பதும் முக்கியம். மினசோட்டாவில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குறைந்தது 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸ், தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

புகைப்படம் போதாது, நேரலை வீடியோ காலில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா? காற்றடிக்கும் நாளில் ஜன்னல் சட்டத்தின் ஓரமாக ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால், இடுக்கு இருக்கும் இடத்தில் அது படபடக்கும். சிறிய இடுக்கு என்றால் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி ஹேர் டிரையரால் இறுக்கிக்கொள்ளலாம். எல்லா ஜன்னலும் அப்படியென்றால் அந்த வீடு வேண்டாம். தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் தீப்பிடித்தால் ஏறி வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இல்லாத அறையில் யாரும் படுக்கக் கூடாது. புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டும் இருக்க வேண்டும்.

தூரத்தை ஜூலை மாத வரைபடத்தில் அளக்காதீர்கள். கோடையில் 15 நிமிட நடை, உறைந்த நடைபாதையில் 25 நிமிடம் ஆகும். இதாகாவில் கார்னெல் பல்கலைக்கழகம் குன்றின் மேல். ஊர் மையம் கீழே. பனி உறைந்த சரிவில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பேருந்து உண்டு என்று சொன்னால் இரவு 9 மணிக்குப் பிறகும், ஞாயிறன்றும், செமஸ்டர் விடுமுறையிலும் உண்டா என்று அட்டவணையைப் பாருங்கள். ஆய்வகத்தில் இரவு வரை இருக்கப் போகிறவருக்கு அந்தக் கடைசிப் பேருந்துதான் கணக்கு. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் பார்க்கிங் பற்றியும் கேளுங்கள். மேடிசனின் பெரும்பாலான பகுதிகளில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை இரவு 1 மணி முதல் காலை 7 மணி வரை, தேதி ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்துத் தெருவின் ஒரு பக்கம்தான் வண்டி நிறுத்தலாம். தனி வீடு என்றால் நடைபாதைப் பனியை யார் அள்ளுவது என்பதும் லீஸில் இருக்கும்.

காலம் அடுத்த சிக்கல். இந்த ஊர்களில் லீஸ் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் ஆகஸ்ட் வரை. நல்ல வீடுகளுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே ஆள் பிடித்துவிடுவார்கள். அட்மிஷன் வருவதோ மார்ச், ஏப்ரலில். ஆகவே அட்மிஷனை ஏற்ற அன்றே பல்கலைக்கழகக் குடியிருப்பின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் கடைசி நேரத்தில் விட்டுப்போகிறவர்களின் இடங்கள் வரும். அதுவும் அமையாவிட்டால் சில மாதம் சப்லெட் (ஏற்கெனவே குடியிருப்பவரிடமிருந்து உள்வாடகை) எடுத்து, ஊரைப் பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.

கிரெடிட் ஹிஸ்டரியும் (கடன், கட்டணங்களைச் செலுத்திய பதிவு) சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லாத புதியவரிடம் ஜாமீன்தாரர் கேட்பார்கள். உதவித்தொகைக் கடிதம், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம், வங்கி இருப்புச் சான்று மூன்றையும் காட்டினால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். நியூயார்க்கில் டெபாசிட் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. முதல் உதவித்தொகை பெரும்பாலும் செப்டம்பருக்கு முன் வராது என்பதால் டெபாசிட்டும் முதல் இரண்டு மாத வாடகையும் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி தபாலில் வரும், முதலில் பணம் அனுப்புங்கள் என்றால் அது மோசடி. உரிமையாளர் பெயரை, நம் மாவட்டம் போன்ற கவுன்டியின் சொத்துப் பதிவேட்டில் இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

நான்கு பேர் சேர்ந்து ஒரே லீஸில் கையெழுத்திட்டால், ஒருவர் விலகினாலும் முழு வாடகையையும் மற்றவர்களிடம் கேட்க வீட்டுக்காரருக்கு வழி உண்டு. ஆளுக்கொரு தனி லீஸ் கிடைத்தால் அதுவே மேல்.

குடியேறியதும் சுவர்க் கறை, கீறல், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். மிச்சிகனில் வீட்டின் நிலையைக் குறிக்கும் படிவத்தை 7 நாளுக்குள் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. குழாய் உறைந்து வெடித்தால் டெபாசிட்டோடு நிற்காது. தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. காலி செய்யும்போது மிச்சிகனில் 4 நாளுக்குள் புதிய முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் 30 நாளுக்குள் டெபாசிட்டையோ பிடித்தத்தின் விவரப் பட்டியலையோ அனுப்ப வேண்டும். விஸ்கான்சினில் அதற்கு 21 நாள், நியூயார்க்கில் 14 நாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேடிசன், விஸ்கான்சின்