தொரட்டி தந்த அம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

நாங்கள் ஏவி, பாராசூட்டில் இறங்கும்போது காணாமல்போன ராக்கெட் கிடைத்துவிட்டது. அது கிடக்கும் இடத்தைச் சொல்கிற ட்ராக்கரும் பிழைத்துக்கொண்டது. கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் காட்டில் எங்களோடு அலைந்தவர்களுக்கும், போன் போட்டுப் போட்டு விசாரித்தவர்களுக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். இருட்டும் நேரத்தில் அது எப்படிக் கிடைத்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

கடைசியாக வந்த ஜிபிஎஸ் புள்ளியில் போய்ப் பார்த்தால் வெறும் பருத்திக் காடு. அதற்கு அப்புறமும் பாராசூட்டைக் காற்று தள்ளிக்கொண்டுதானே போயிருக்கும்! தரையில் கிடக்கும் ட்ராக்கரின் 865 மெகாஹெர்ட்ஸ் லோரா என்கிற ரேடியோ சிக்னல், கண்மாய்க் கரையையும் சீமைக்கருவேலத்தையும் தாண்டி வருவது கஷ்டம். ரிசீவரை உயரத்துக்குக் கொண்டுபோனால்தான் வழி. ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு பனைகூட இல்லை.

அப்போதுதான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா வந்தார். "என்னத்தத் தம்பி தேடுறீக?" சொன்னோம். "உசரத்துல தூக்கிப் பிடிச்சாப் போதுமா?" என்று கேட்டவர், கையிலிருந்த தொரட்டியை நீட்டினார். கூடவே, குட்டி கட்டுகிற கயிறும். ரிசீவரை நுனியில் கட்டி, ப்ளூடூத்தில் இணைத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு கரைமேல் நடந்தோம். தெற்கு மூலையில், ட்ராக்கர் அனுப்பும் இருப்பிட எண்கள் போனில் மறுபடி ஓட ஆரம்பித்தன! புதருக்குள் கிடக்கும்போது ஜிபிஎஸ் ஒரு மீட்டர்கூடப் பிசகாமல் இடத்தைக் காட்டாது. ஆனால் எந்தப் புதர் என்று தெரிந்துவிட்டது. முள்ளுக்குள்ளிருந்து இழுத்துப் போட்டதும் அதே தொரட்டிதான். காசு கொடுக்கப் போய்த் திட்டு வாங்கினோம்.

நிலத்தை விட்டுத்தந்த விவசாயி, அனுமதிக்காக அலைந்த பேராசிரியர், ஆண்டெனாவுக்காகக் கடையைச் சாத்தாமல் காத்திருந்த அண்ணன், சாலிடரிங்கைச் சரிபார்த்த லேப் தம்பிகள், டீ கொண்டுவந்தவர்கள், எல்லாருக்கும் மனசார நன்றி.

கிளம்பும்போது அந்த அம்மா ஒன்று கேட்டார். "இத ஆட்டுக் கழுத்துல கட்டுனா, காணாமப்போன ஆடு கெடைக்குமா?" கிடைக்கும். ராக்கெட்டுக்குப் பேட்டரி சில மணி நேரம் நின்றால் போதும், ஆட்டுக்கு வாரக்கணக்கில் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒருதரம் விழித்து, இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்குகிற மாதிரி ஒன்று செய்து, பொங்கலுக்குள் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். அடுத்த ராக்கெட் அதற்கு அப்புறம்தான். அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் பார்த்தால், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.