பாவிச்ச பேஸ் கிற்றாருக்கு அப்கிரேட் விலை கேக்கிற ஆக்களுக்கும், அதைக் குடுக்க நிக்கிற ஆக்களுக்கும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் உப்புவெளியில இருந்து எழுதுறன். இருபது வருசத்துக்கு மேல பேஸ் கிற்றார் வாசிக்கிறன், கலியாண வீடு, கோயில் திருவிழா, சேர்ச் கோயர் எண்டு எங்க கூப்பிட்டாலும் போறனான். போன மாசம் எங்கட கோயரில பேஸ் பழகிற பெடியன் ஒருத்தன் ஒரு விளம்பரத்தை வெட்டிக்கொண்டு வந்து காட்டினான், “முழுசா அப்கிரேட் செய்த பேஸ், பிக்கப் புதுசு, பிரிட்ஜ் புதுசு, ரியூனர் புதுசு, 115,000, விலை பேச வேண்டாம்” எண்டு கிடக்கு. (பிக்கப் எண்டது கம்பி ஆடுறதைக் கரண்டா மாத்தி அம்புக்கு அனுப்பிற சாமான், பிரிட்ஜ் கம்பிண்ட அடி நுனி பூட்டிற இடம், ரியூனர் சுருதி கூட்டிற முறுக்காணி; இதுகளை நல்லதா மாத்திறதைத்தான் அப்கிரேட் எண்டுறது.) அதே பேஸ் கடையில பெட்டி உடைக்காமல் 80,000க்குள்ள வாங்கலாம். பெடியன்ட அப்பா கடலுக்குப் போறவர், அம்மா தன்ர காப்பை அடகு வைக்க எடுத்து வைச்சிட்டா. அதைக் கேட்ட பிறகு எனக்கு இதை எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

நானும் அவனும் போய் அந்தப் பேஸைப் பார்த்தம். விக்கிறவரைக் குறை சொல்ல நான் வரேல்ல, அவர் பொய் சொல்லேல்ல, பில் எல்லாம் எடுத்துக் காட்டினார், பேஸ் வாங்கினது 65,000, பிறகு மேல போட்டது 52,000, கூட்டி அதில ரெண்டாயிரம் குறைச்சு 115,000 எண்டு போட்டிருக்கிறார். கூட்டல் சரி. ஆனா பாவிச்ச சாமான்ட விலை அப்பிடிக் கூட்டி வாறேல்ல ஐயா. வாங்க வாறவன் முதல் பாக்கிறது பேஸிண்ட தலையில என்ன கொம்பனிப் பேர் எழுதியிருக்கு எண்டுதான், உள்ளுக்க எந்தக் கொம்பனிப் பிக்கப் இருக்கு எண்டது அதுக்குப் பிறகுதான். ஒரு லட்சத்துக்கு மேல கையில வைச்சிருக்கிறவன் ஒரு படி மேல உள்ள பேஸைத் தேடிப் போவான், காசு குறைஞ்சவன் சாதாரணமா கிடக்கிறதையே வாங்குவான், நடுவில நிக்கிற இந்தச் சாமானுக்கு ஆள் இல்லை. அதோட பிக்கப் எண்டது அவரவர் காதுக்கு ஏத்தது, உங்களுக்கு இனிச்சது எனக்குக் கசக்கும், உங்கட ருசிக்கு நான் ஏன் காசு தரவேணும்?

இதில கனபேர் ஏமாந்துபோற ஒரு இடம் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி 2019இல 32,000க்கு ஒரு மலிவான பேஸ் வாங்கினவர், பிறகு பிக்கப், பிரிட்ஜ் எண்டு இன்னும் 25,000 போட்டார், 2023இல கட்டாருக்குப் போகேக்க 60,000க்கு வித்தார். உடன எல்லாரும் பாத்தியா அப்கிரேட் பண்ணினா போட்ட காசு திரும்பி வருகுது எண்டு கதைக்கத் தொடங்கிட்டினம். ஆனா அந்த இடைக்குள்ள நடந்தது என்ன, 2022 பங்குனி தொடக்கத்தில ஒரு டொலர் 200 ரூபா அளவில நிண்டது, வைகாசிக்கிடையில 360 தாண்டிப் போச்சு, வெளிநாட்டில இருந்து வாற சாமான் எல்லாம் ரூபாக் கணக்கில ஏறிட்டு. அதே மொடல் பேஸ் ஒண்டு, ஒரு திருகாணி கூட மாத்தாதது, அதே வருசம் ஓர்ஸ் ஹில்லில ஒரு வீட்டில 55,000க்குப் போனதை நான் கண்ணால கண்டனான். அப்ப அந்தத் தம்பி போட்ட 25,000க்குத் திரும்பி வந்தது அஞ்சாயிரம்தான், மிச்சம் ஏறினது டொலரால. அதை அப்கிரேட்டிண்ட கணக்கில எழுதிப்போட்டு டொலர் அப்பிடித் திடீரெண்டு ஏறாத காலத்திலயும் அதே மாதிரி வரும் எண்டு காசைக் கொட்டுறது பெரிய பிழை.

அப்ப மலிவான பேஸுக்கு ஒண்டுமே செய்யக்கூடாதா எண்டு கேட்டால், செய்யவேணும், கட்டாயம் செய்யவேணும், ஆனா முதல் செய்யவேண்டியது காசு குறைஞ்ச வேலை. செற்அப், அதாவது இருக்கிற சாமானையே வாசிக்க இதமாச் சரிசெய்யிறது. கடையில தொங்கிற மலிவான பேஸ் நூறில ஒண்டு கூட ஒழுங்கான செற்அப்போட வாறேல்ல எண்டுதான் என்ர அனுபவம். நட்டில, அதாவது தலைப் பக்கத்தில கம்பியைத் தாங்கிற துண்டில, கம்பி இருக்கிற வெட்டு ஆழம் காணாது, அதால முதலாவது ஃபிரெட்டை (நெக் எண்ட கழுத்துப் பகுதியில குறுக்கப் பதிச்ச உலோகக் கம்பி) அமத்தினா சுருதி ஏறிக் கேக்கும், பழகிற பிள்ளை தன்ர காதில பிழை எண்டு நினைக்கும். கம்பி உயரமா நிக்கும், விரல் நோகும், பிள்ளை ரெண்டு மாசத்தில விட்டுடும். நெக்குக்குள்ள ஓடுற ட்ரஸ் ரொட் எண்ட இரும்புக் கம்பியை அலன் கீயால கால் சுத்துக் கால் சுத்தா திருப்பி நெக்கை நேராக்கி, பிரிட்ஜில கம்பி உயரத்தை இறக்கி, பன்ரெண்டாவது ஃபிரெட்டில அமத்தின சத்தமும் அதே இடத்தில கம்பியை மெல்லத் தொட்டு எடுக்கிற ஹார்மொனிக் சத்தமும் ஒரே சுருதியா வரும்வரைக்கும் சாடிலை (பிரிட்ஜில கம்பி தங்கிற சின்னத் துண்டு) முன்னுக்குப் பின்னுக்கு நகத்தினா, அதே பேஸ் வேற ஒரு வாத்தியமா மாறும். இதுக்குப் போறது ஒரு பின்னேரம், ஒரு செற் புதுக் கம்பி, அவ்வளவுதான்.

எங்கட ஊர்ல இது ஒருக்காச் செய்துபோட்டு விடுற வேலையும் இல்லை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா மரம் காஞ்சு சுருங்கும், ஃபிரெட் நுனியெல்லாம் நெக்கிண்ட கரையால வெளிய நீட்டிக்கொண்டு கையைக் கீறும், ஐப்பசி கார்த்திகையில மாரி வந்தா பிறகு ஊறும், நெக் வேற மாதிரி வளையும். கடல் காத்துக்கு பிரிட்ஜ் திருகாணி துருப்பிடிச்சு இறுகிடும். வருசத்தில ரெண்டு தரம் பாக்கவேணும், வாசிச்சு முடிய கம்பியைத் துணியால துடைக்கவேணும். கடலுக்கு முன்னால வீடு உள்ள ஆக்கள் பேஸைச் சுவரில தொங்கவிடாமல் பெட்டிக்குள்ள வைச்சால் அது எந்த அப்கிரேட்டையும் விடப் பெரிய உபகாரம்.

அடுத்தது இரைச்சல். மலிவான பேஸ் அனேகமா ரெண்டு வடிவத்தைப் பாத்துச் செய்ததுதான். அமெரிக்காவில கிற்றார் செய்த லியோ ஃபெண்டர் 1951இல கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், 1960இல வந்த ஜாஸ் பேஸ். பிரிசிஷனுக்கு 1957இல ரெண்டாப் பிரிச்ச பிக்கப் போட்டவை, அந்த ரெண்டு பாதியும் ஒண்டுக்கொண்டு எதிரா வயர் சுத்தினது, அதால கரண்ட் இரைச்சல் தானா அடிபட்டுப் போகும். ஜாஸில ரெண்டு பிக்கப், ரெண்டு வொலியூமையும் ஒரே அளவில வைச்சால் இரைச்சல் அடங்கும், ஒண்டைக் குறைச்ச உடன “ம்ம்ம்” எண்டு வரும். எங்கட கரண்ட் செக்கனுக்கு 50 தரம் ஆடுறது, பேஸில தடிச்ச கம்பியில மூண்டாவது ஃபிரெட்டில வாற ஜி சுரம் 49, ரெண்டும் பக்கத்தில பக்கத்தில கிடக்கு. திருவிழாவில ஜெனரேட்டரும் ரியூப் லைற்றும் ஓடேக்க அந்தச் சுரத்தைப் பிடிச்சால் சுருதி நெளியிற மாதிரிக் கேக்கிறது அதாலதான், பேஸ் பழுது இல்லை. உள்ளுக்கு செப்பு ரேப் ஒட்டி எர்த் வயரைச் சரியா ஈயம் வைச்சு ஒட்டினா கரகரப்புக் கனக்கக் குறையும், ஆனா தனிப் பிக்கப்பிண்ட அந்த “ம்ம்ம்” முழுசாப் போகாது, போகும் எண்டு ஆரும் காசு வாங்கினா நம்பவேண்டாம். கரகரக்கிற பொட் (வொலியூம் திருகிற சாமான்), ஆடுற ஜக் (வயர் செருகிற இடம்), இதுகளை மாத்திறதும் நல்ல செலவு, ரேடியோ திருத்திற கடையில சின்னக் காசுக்குச் செய்து தருவினம்.

பிக்கப் மாத்திறதெண்டால் அளந்துபோட்டு வாங்குங்கோ, தயவுசெய்து. ஜாஸ் பேஸில பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் நெக் பக்கத்ததை விட ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் நீளம், ஆனா மலிவான சிலதில ரெண்டும் ஒரே அளவு. அளக்காமல் வாங்கினா பிறகு மரத்தைச் செதுக்கவேணும். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டால், என்ர முதலாவது பேஸ் ஒரு ஜாஸ் கொப்பி, அதுக்கு நடுவில பிரிசிஷன் பிக்கப் ஒண்டும் வேணும் எண்டு ஆசைப்பட்டு ஒரு தச்சுப் பட்டறையில குடுத்துக் குழி வெட்டினனான். சத்தம் நல்லாத்தான் வந்தது, நாலு வருசம் சந்தோசமா வாசிச்சன். பிறகு வீட்டுக் கஸ்டத்துக்கு விக்கப் போகேக்க வந்தவர் பிக்காட்டை, அதாவது உடம்புக்கு மேல பூட்டியிருக்கிற தகட்டைக் கழட்டிப் பாத்துப்போட்டு, உடம்பில குழி வெட்டின சாமான் எண்டு பாதி விலை சொன்னார், வேற வழியில்லை, குடுத்தன். அந்த உடம்பு திரும்ப வராது. திருகாணியால கழட்டிப் பூட்டிறது ஒண்டு, மரத்தில ஓட்டை போடுறது வேறொண்டு, முதலாவதைத் திருப்பலாம், ரெண்டாவதைத் திருப்ப ஏலாது, விலை விழுறது ரெண்டாவதிலதான்.

அமெரிக்காவில மோட்டவுண் கொம்பனிப் பாட்டுகளுக்குப் பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் எண்டவர் பெரும்பாலும் பாவிச்சது 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒண்டு, கடையில வந்த மாதிரியே. வழுவழுப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி, அது அறுந்தால்தான் மாத்துவாராம், வலக்கையில ஒரு விரலாலதான் கம்பியைத் தட்டுவார். உலகத்தில பேஸ் வாசிக்கிற கனபேர் அவரைக் கேட்டுத்தான் படிச்சவை. பிள்ளைகளுக்கு இதை நான் அடிக்கடி சொல்லுறனான், பிக்கப் வாங்கிற காசில பாதியை நல்ல அம்ப் (சத்தத்தைப் பெருக்கிற பெட்டி) ஒண்டுக்குச் சேர்த்து வையுங்கோ எண்டு, ஏனெண்டால் 41 ஹேர்ட்ஸில (செக்கனுக்கு 41 தரம் ஆடி) வாற அடிக்கம்பிச் சத்தத்தைச் சின்ன எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒழுங்காத் தள்ளாது, பேஸில எதை மாத்தினாலும் அதில கேக்காது.

சரி, ஏற்கனவே காசு போட்ட ஆக்கள் என்ன செய்யலாம். கழட்டின பழைய பிக்கப், பிரிட்ஜ், ரியூனர், திருகாணி உட்பட ஒரு பையில போட்டு வையுங்கோ. விக்கேக்க பழசைத் திரும்பப் பூட்டி பேஸைப் பேஸிண்ட விலைக்கு விடுங்கோ, நல்ல பிக்கப்பைத் தனியா வித்தால் அதுக்கெண்டு தேடுற ஆள் வருவார், அப்பதான் போட்டதில ஒரு பங்காவது கைக்கு வரும், இல்லாட்டி அடுத்த பேஸுக்குப் பூட்டலாம். பழைய சாமானை எறிஞ்ச ஆக்களுக்கு அந்த வழி இல்லை. ஒழுங்கா செற்அப் செய்த பேஸுக்கும் விலை பெரிசாக் கூடாது, ஆனா கெதியில போகும், வாறவன் கையில எடுத்து ஒரு பைலா அடிச்சுப் பாத்த உடன காசை எண்ணுவான், அதை நான் எத்தினையோ தரம் கண்டனான்.

வாங்கப் போற பிள்ளைகள் பேஸ் தெரிஞ்ச ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒவ்வொரு ஃபிரெட்டிலயும் நாலு கம்பியையும் அமத்திப் பாருங்கோ, ட்ரஸ் ரொட் சுத்துதோ இல்லாட்டி இறுகிக் கிடக்கோ எண்டு கேளுங்கோ, பிக்காட்டைக் கழட்டி மரத்தைக் காட்டச் சொல்லுங்கோ. ஒம்பது வோல்ட் பற்றரி போடுற அக்டிவ் பேஸ் எண்டால் பற்றரிப் பெட்டியைத் திறந்து பாருங்கோ, பற்றரி ஊத்தித் துருப்பிடிச்சிருந்தால் அங்கயே விடுங்கோ.

உங்களிட்ட ஒரு வேண்டுகோள் ஐயா. உங்கட விளம்பரப் பக்கத்தில வாத்தியம் விக்கிற ஆக்களிட்ட ரெண்டு வரி கூடக் கேட்டு வாங்கிப் போடுங்கோ, என்ன மாத்தினது, பழைய சாமான் கைவசம் இருக்கா, மரத்தில ஓட்டை போட்டதா எண்டு. ரெண்டு வரிக்கு எவ்வளவு காசு கூடும் எண்டாலும் விக்கிறவர் குடுக்கலாம், வாங்கிற பிள்ளை முள்ளிப்பொத்தானையில இருந்தும் மூதூரில இருந்தும் பஸ் ஏறி வந்து ஏமாந்து திரும்பத் தேவையில்லை.

நாங்கள் அந்த 115,000 பேஸுக்கு பழைய சாமானோட சேத்து 60,000 எண்டு கேட்டனாங்கள், அவர் ஒத்துக்கொள்ளேல்ல, கோவிக்காமல்தான் வந்தனாங்கள். காப்பு இன்னும் அடகுக்குப் போகேல்ல. பெடியன் என்ர பேஸில ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வாசிக்கிறான், நல்ல கை. திருகோணமலைப் பக்கத்தில ஆரிட்டயாவது நாலு கம்பிப் பேஸ் ஒண்டு, ஓட்டை போடாதது, கட்டிலுக்குக் கீழ சும்மா கிடந்தால் உங்கட பத்திரிகை மூலமா அறிவியுங்கோ, துருப்பிடிச்சிருந்தாலும் பரவாயில்லை, செற்அப்பை நான் செய்வன், நியாய விலைக்கு பெடியன்ட வீட்டாக்கள் காசோட வருவினம்.

இப்படிக்கு,
உங்கட வாசகன்,
உப்புவெளி, திருகோணமலை.