ஆஸ்ட்ரோடோமின் கதவைத் திறங்கள்

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமின் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

போன சனிக்கிழமை என்னோடு வேலை செய்யும் ஒரு அம்மாவும் அவருடைய ஏழு வயது மகனும் நானும், மூடிய கூரை கொண்ட நம் ஊர் விளையாட்டரங்கமான ஆஸ்ட்ரோடோமுக்குப் போனோம். போனோம் என்றால், வேலி வரைக்கும். அவர் நியூ ஆர்லியன்ஸ்காரர். 2005 செப்டம்பரில், கத்ரீனா புயலில் வீடு மூழ்கிப்போய், பேருந்தில் வந்து இறங்கி, அந்த அரங்கத்தின் நடுவே மடக்குக் கட்டிலில் தூங்கியவர். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. "எந்த இடத்துல படுத்திருந்தீங்க?" என்று பையன் கேட்டான். அவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெளிச்சுவரைக் காட்டினார். வேறு எதைக் காட்டுவார்?

உள்ளே போக வழியில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதே நிலைதான்.

கதை முழுக்க உங்களுக்குத் தெரியும். 2013இல் 217 மில்லியன் டாலர் சீரமைப்புத் திட்டத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2017இல் டெக்சஸ் மாநிலமே இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 2018இல் 105 மில்லியன் டாலரில் தரையை உயர்த்தி, கீழே வாகன நிறுத்தம் அமைக்க ஒப்புதல் கிடைத்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. இடிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. இப்படியே எத்தனை கோடை ஒரு கட்டடம் தாங்கும்?

1965 ஏப்ரல் 9 அன்று திறந்தபோது உலகத்தின் எட்டாவது அதிசயம் என்றார்கள். கூரையின் ஒளிபுகும் பிளாஸ்டிக் பலகைகள் கண்ணைக் கூசச் செய்ததால் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. பலகைகளுக்குச் சாயம் பூசினால் புல் செத்தது. அதனால்தான் இங்கே செயற்கைப் புல் விரித்தார்கள். இன்று உலகமெங்கும் அதன்மேல் விளையாடுகிறார்கள். ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இதைக் கட்டப் பணம் கேட்டு வாக்கெடுப்பு நடந்தபோது, க்வென்டின் மீஸ் போன்ற கறுப்பினத் தலைவர்கள் ஆதரவு தந்தது ஒரே நிபந்தனையில்: நிறம் பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து உட்காரும் அரங்கமாக இது இருக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று வாக்குக் கொடுத்து எழுப்பிய கதவு இது. அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

இந்த ஊரில் பழையதாக எது மிஞ்சுகிறது? தியேட்டர் போகிறது, பழைய வீடு போகிறது, மறுநாள் அங்கே கார் நிற்கிறது. பிள்ளைகளிடம் "இங்கேதான் இருந்தது" என்று காலி இடத்தைக் காட்டியே பழகிவிட்டோம். கோபம் வருகிறது. மன்னியுங்கள், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பெரிய திட்டத்தை நீங்கள் பேசி முடிக்கும் வரை, பாதுகாப்பான ஒரு பகுதியையாவது சீர்செய்து, ஆண்டுக்குச் சில நாள் கதவைத் திறங்கள். 2015இல் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒருநாள் திறந்தபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்களே, அது உங்களுக்கு நினைவிருக்கும். வருகிற ஏப்ரல் 9 அன்று தொடங்கலாம். அன்று அந்த அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வருவார். கட்டில் கிடந்த இடத்தை அவர் காட்டட்டும். தயவுசெய்து திறங்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டன்வாசி ஒருவர்